12 வருஷம் படிச்ச இங்கிலீஷ், காதுல மட்டும் ஏன் ஏறல? உங்க ப்ளேலிஸ்ட்டுல இருக்கு பதில்!

ஒரு சின்ன டெஸ்ட். நீங்க அடிக்கடி கேட்கிற இங்கிலீஷ் பாட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது பாட்டைப் போடாமல், அதன் பல்லவியை மட்டும் வாய்விட்டுப் பாடுங்கள். டியூன் பிசகாது. முதல் நாலு வார்த்தை கம்பீரமாக வரும். அப்புறம்? 'ன்னன்னா... ஹும்ம்ம்... லவ்... ஹும்ம்ம்... டுநைட்!' நூறு தடவை கேட்ட பாட்டுதான். ஆனால், நடுவில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

அடுத்து அந்தப் பாட்டின் வரிகளை எடுத்துப் படித்துப் பாருங்கள். முக்கால்வாசி வார்த்தைகள் ஆறாம் வகுப்புக்குள் நாம் படித்தவைதான். "அட, இதையா இவ்ளோ நாளா இப்படிப் பாடிட்டு இருந்தாங்க?" என்று தோன்றும்.

இந்த 'அட'வுக்குள்தான் நம்மில் பலருடைய இங்கிலீஷ் பிரச்னை ஒளிந்திருக்கிறது. பிளஸ் டூ வரை 12 வருஷம் இங்கிலீஷ் படித்தாயிற்று. பேப்பரும் பேனாவும் கொடுத்தால் சமாளித்துவிடுவோம். ஆனால் இன்டர்வியூவில் ஒருவர் சரளமாக ஒரு கேள்வி கேட்டால், வார்த்தைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. ஒரு தடவை 'பார்டன்?' என்போம். இரண்டாவது தடவையும் கேட்போம். மூன்றாவது தடவை கேட்கக் கூச்சப்பட்டு, புரிந்த மாதிரி தலையாட்டிவிடுவோம். வெளியே வந்ததும், 'எனக்கு இங்கிலீஷ் வராது' என்று நமக்கு நாமே தீர்ப்பும் எழுதிக்கொள்வோம்.

அந்தத் தீர்ப்பு பாதிதான் சரி. வார்த்தை நமக்குத் தெரியும். அதன் சத்தம்தான் தெரியாது. அந்தச் சத்தத்தைப் பழகிக்கொள்ள, செலவில்லாத, போரடிக்காத வழி ஒன்று உங்கள் பாக்கெட்டிலேயே இருக்கிறது: பாட்டு. ஆனால் சும்மா கேட்டால் போதாது, கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும்.

இங்கிலீஷிலும் புணர்ச்சி விதி இருக்கு!

பள்ளிக்கூடத் தமிழ் இலக்கணத்தில் 'புணர்ச்சி' படித்தது ஞாபகம் இருக்கிறதா? பரீட்சையோடு மறந்துபோன அந்தப் பாடம், இங்கிலீஷ் பாட்டு கேட்கும்போது கை கொடுக்கும்.

பால் + ஆடை = பாலாடை. முதல் சொல் மெய்யில் முடிந்து, அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இங்கிலீஷிலும் அதேதான். 'டர்ன் இட் ஆஃப்' என்று மூன்றாக எழுதுவார்கள். அமெரிக்கர் வாயில் அது 'டர்னிடாஃப்'. 'நாட் அட் ஆல்' என்பது 'நாடடால்'. மூன்று வார்த்தைகளை எதிர்பார்த்துக் காத்திருக்கும் காதுக்கு, கேள்விப்படாத ஒரே வார்த்தை வந்து விழுகிறது. பயப்படாமல் என்ன செய்யும்?

பூ + அழகு = பூவழகு, மணி + அடித்தான் = மணியடித்தான். நடுவில் 'வ்', 'ய்' வந்து உட்காருகிற இந்த உடம்படுமெய், இங்கிலீஷிலும் எட்டிப் பார்க்கும். 'கோ ஆன்' என்பது 'கோவான்' ஆகும். 'சீ இட்' என்பது 'சீயிட்' ஆகும்.

பல் + பொடி = பற்பொடி. இது திரிதல். 'டிட் யூ' என்பது 'டிஜ்ஜு' ஆவதும், 'டோன்ட் யூ' என்பது 'டோன்ச்சு' ஆவதும் திரிதல்தான்.

மரம் + வேர் = மரவேர். இது கெடுதல். 'நெக்ஸ்ட் டே' என்பதில் ஒரு 'ட்' காணாமல்போய் 'நெக்ஸ் டே' ஆவதும் கெடுதல்தான்.

குற்றியலுகரம்கூட இருக்கிறது என்றால் நம்புவீர்களா? 'காது', 'பாட்டு' என்று சொல்லும்போது கடைசி 'உ' முழுசாக ஒலிக்காமல் குறுகுகிறது இல்லையா? இங்கிலீஷில் அழுத்தம் விழாத இடத்தில் இருக்கும் உயிரெழுத்துகள் இப்படித்தான் மங்கிப்போகும். 'பனானா' என்ற சொல்லில் நடுவில் இருக்கும் 'னா' மட்டும்தான் ராஜா. முன்னும் பின்னும் இருப்பவை வந்தும் வராததுமாக இருக்கும். 'கம்ஃபர்டபிள்' என்று நாம் எழுத்துக்கூட்டிச் சொல்வதை அவர்கள் 'கம்ஃப்டபிள்' என்று முடித்துவிடுவார்கள். நாம் ஒவ்வோர் அசைக்கும் சமமாக மரியாதை கொடுத்துப் பேசிப் பழகியவர்கள். அவர்கள் முக்கியமான அசையை மட்டும் அழுத்திவிட்டு, மற்றதை விழுங்கிவிடுவார்கள்.

பேச்சில் இது ஒரு நொடியில் கடந்துபோய்விடும். பாட்டில் அப்படியில்லை. அதே ஒட்டல், அதே விழுங்கல், அதே தாளத்தில் திரும்பத் திரும்ப வரும். மூன்று நிமிஷப் பாட்டில் பல்லவி மட்டும் நாலு தடவை வந்துவிடுகிறது. எந்த வாத்தியாரும் ஒரே வாக்கியத்தை இத்தனை தடவை சலிக்காமல் சொல்லிக்கொடுக்க மாட்டார்.

இன்னொரு விஷயம். 'கோயிங் டு' என்பது 'கன்னா' என்றும், 'வான்ட் டு' என்பது 'வான்னா' என்றும், 'காட் டு' என்பது 'காட்டா' என்றும், 'லெட் மீ' என்பது 'லெம்மி' என்றும் பாட்டுகளில் கொட்டிக்கிடக்கும். தமிழ்ப் புத்தகத்தில் 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்று படித்த ஒரு வெளிநாட்டுக்காரர், நம்ம ஊருக்கு வந்து 'போயிட்டிருக்கேன்' என்பதைக் கேட்டால் எப்படி முழிப்பார்? அதே முழிதான் நாம் முழிப்பதும். இந்தச் சுருக்கங்களைக் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டியது கட்டாயம். ஆபீஸ் மெயிலில் எழுத மட்டும் கூடாது.

பாட்டில் வார்த்தை கத்துக்கிறது நமக்குப் புதுசா?

'பாட்டு கேட்டு மொழி கத்துக்கிறதெல்லாம் சோம்பேறிங்க வேலை' என்று யாராவது சொன்னால், நிகண்டு பற்றிச் சொல்லுங்கள். அகராதி வருவதற்கு முன்னால் தமிழில் சொற்பொருள் தேடும் நூல் நிகண்டுதான். திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று பல உண்டு. மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு முழுக்கவே விருத்தப்பாவில் இருக்கிறது. ஒரு பொருளுக்கு இருக்கும் பல பெயர்களைப் பாட்டாகக் கட்டி, மாணவர்கள் பாடி மனப்பாடம் செய்தார்கள். திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் 'வொக்காபுலரி' பாடமே பாட்டுதான்.

இதை இந்தக் காலத்து ஆராய்ச்சியும் சோதித்துப் பார்த்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு அது. 2014-ல் 'மெமரி அண்ட் காக்னிஷன்' இதழில் வந்தது. பெரியவர்கள் 60 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, அவர்களுக்குத் தெரியாத ஹங்கேரிய மொழியில் சின்னச் சின்னச் சொற்றொடர்களைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு சாதாரணமாகப் பேசிப் பழகியது. இன்னொன்று தாளத்தோடு சொல்லிப் பழகியது. மூன்றாவது குழு பாடிப் பழகியது. வெறும் 15 நிமிஷப் பயிற்சிக்குப் பிறகு, ஹங்கேரியச் சொற்றொடர்களை நினைவிலிருந்து சொல்லும் சோதனைகளில் பாடிய குழுதான் முந்தியது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, மூன்று குழுவுமே கேட்டுவிட்டுத் திருப்பிச் சொன்னார்கள் என்பது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தவர்கள் யாரும் அந்த ஆய்வில் இல்லை!

வெறுமனே கேட்பதால் என்ன கிடைக்கும்? இத்தாலியப் பாடகர் அட்ரியானோ செலன்டானோ 1972-ல் ஒரு பாட்டு வெளியிட்டார். கேட்டால் சுத்தமான அமெரிக்க இங்கிலீஷ் மாதிரியே இருக்கும். ஆனால் கிட்டத்தட்ட மொத்தப் பாட்டும் அர்த்தமே இல்லாத உளறல். இங்கிலீஷ் தெரியாதவர் காதுக்கு அது எப்படி ஒலிக்குமோ, அந்தச் சத்தத்தை மட்டும் எடுத்துப் பாட்டாக்கினார். ஐரோப்பாவில் அது ஹிட்!

நம்ம ஊர் உதாரணம் வேண்டுமா? 2011-ல் வந்த 'ஒய் திஸ் கொலவெறி' பாட்டை, தமிழ் ஒரு வார்த்தைகூடத் தெரியாதவர்கள் எல்லாம் பாடினார்கள். 'கொலவெறி' என்ற சொல் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. ஆனால் அதில் எத்தனை பேருக்கு அர்த்தம் தெரியும்? சத்தம் தானாக ஒட்டும். அர்த்தத்தை நாம்தான் ஒட்டவைக்க வேண்டும்.

தனி வார்த்தையை விடுங்க, கொத்தா பிடிங்க

பாட்டு வரியிலிருந்து கடினமான வார்த்தைகளைப் பொறுக்கி, பக்கத்தில் அர்த்தம் எழுதி வைப்பதுதான் பலரும் செய்வது. பலன் குறைவு. பாட்டின் உண்மையான புதையல், சாதாரண வார்த்தைகள் இரண்டு மூன்று சேர்ந்து புது அர்த்தம் தரும் கொத்துகள்.

பாட்டின் தலைப்புகளையே பாருங்கள். பென் ஈ. கிங் பாடிய 'ஸ்டாண்ட் பை மீ' 1961-ல் வந்தது. பில் விதர்ஸின் 'லீன் ஆன் மீ' 1972. புருனோ மார்ஸின் 'கவுன்ட் ஆன் மீ' 2010. ஸ்டாண்ட் என்றால் நில், லீன் என்றால் சாய், கவுன்ட் என்றால் எண்ணு. தனித்தனியாக எடுத்தால் மூன்றுக்கும் சம்பந்தமே இல்லை. கொத்தாக எடுத்தால் மூன்றும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. நம்ம பாஷையில், 'நான் இருக்கேன்ல, கவலைப்படாதே!'

இதை நாளைக்கே பயன்படுத்தலாம். டீம் லீடர் ஒரு வேலையைக் கொடுக்கும்போது, 'யூ கேன் கவுன்ட் ஆன் மீ' என்று சொல்லிப் பாருங்கள். 'ஐ வில் டூ இட் சார்' என்பதைவிட எவ்வளவு நம்பிக்கையாக ஒலிக்கிறது!

'லெட் இட் பீ' என்று பீட்டில்ஸ் பாடியது 1970-ல் வந்தது. 'லெட் இட் கோ' என்பது 2013-ல் வந்த 'ஃப்ரோஸன்' படப் பாட்டு. ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். முதலாவது 'அது பாட்டுக்கு இருக்கட்டும், விடு'. இரண்டாவது 'பிடிச்சு வெச்சிருக்கிறதை விட்டுத் தள்ளு'. 2014-ல் டெய்லர் ஸ்விஃப்ட் பாடிய 'ஷேக் இட் ஆஃப்' என்பதற்கு நம்மிடம் அச்சு அசலான சொல்லே இருக்கிறது: உதறித் தள்ளு!

லவ் ஃபெயிலியர் பாட்டுகள் இன்னும் உபயோகம். காதல் தோல்வியில் வரும் கொத்துகள்தான் ஆபீஸ் மீட்டிங்கிலும் வரும். 'மூவ் ஆன்' என்றால் பாட்டில் பழசை மறந்து நகர்வது. மீட்டிங்கில் 'லெட்ஸ் மூவ் ஆன்' என்றால் அடுத்த விஷயத்துக்குப் போகலாம் என்பது. 'வொர்க் இட் அவுட்' என்றால் பாட்டில் ஜோடிகள் பேசித் தீர்த்துக்கொள்வது. ஆபீஸில், வழி கண்டுபிடித்துவிடலாம் என்பது. 'லெட் டவுன்' என்றால் நம்பியவரை ஏமாற்றத்தில் தள்ளுவது. வாடிக்கையாளர் கோபமாக எழுதும் மெயிலில் இது கண்டிப்பாக வரும். 'ரன் அவுட் ஆஃப்' என்றால் தீர்ந்துபோவது. 'மொபைல் டேட்டா தீர்ந்துடுச்சு' என்பதற்கு 'மை டேட்டா ஈஸ் ஃபினிஷ்டு' என்று தடுமாற வேண்டாம். 'ஐ ரான் அவுட் ஆஃப் டேட்டா.' முடிந்தது கதை.

தலைப்பிலேயே கிராமர் கிளாஸ்

நாம் அடிக்கடி சறுக்கும் நாலு இடங்களுக்கு, நாலு பாட்டுத் தலைப்புகள் மருந்து.

யூஸ்ட் டு: 'டெய்லி மார்னிங் ஐ யூஸ்ட் டு ரீட் நியூஸ்பேப்பர்' என்று இன்டர்வியூவில் சொல்பவர்கள் நிறைய பேர். தினமும் படிக்கிறேன் என்று சொல்வதாக நினைப்பார்கள். கேட்பவருக்கு, 'முன்னாடி படிச்சேன், இப்போ விட்டுட்டேன்' என்று புரியும்! 2011-ல் கோட்யே பாடிய 'சம்படி தட் ஐ யூஸ்ட் டு நோ' பாட்டின் சோகமே இந்த யூஸ்ட் டுவில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் தெரிந்த ஆள், இப்போது யாரோ. இதை மனதில் வைத்துக்கொண்டால் மறக்காது. தினமும் செய்வதற்கு 'ஐ ரீட்' மட்டும் போதும்.

வென்: 'வென் ஹி வில் கம், ஐ வில் டெல்' என்பது நம் வழக்கம். கிரீன் டே குழுவின் 2004 ஆல்பத்தில் 'வேக் மீ அப் வென் செப்டம்பர் எண்ட்ஸ்' என்று ஒரு பாட்டு. செப்டம்பர் இனிமேல்தான் முடியப்போகிறது. ஆனாலும் 'வில் எண்ட்' என்று இல்லை, 'எண்ட்ஸ்'தான். 'வென்' பக்கத்தில் இந்த 'வில்' உட்காராது. ஆக, 'வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்.'

இஃப்: நடக்காததைக் கற்பனை செய்யும்போது 'ஐ' பக்கத்தில் 'வேர்' வரும். பியான்ஸே 2008-ல் பாடிய 'இஃப் ஐ வேர் எ பாய்' அதற்கு உதாரணம். பாடுபவர் பெண். ஆணாகப் போவதில்லை. அதனால்தான் 'வேர்'. 'இஃப் ஐ வேர் யூ' என்று யோசனை சொல்வதும் இதே ரகம்தான்.

கேள்விக்குள் கேள்வி: 'ஐ டோன்ட் நோ வாட் ஈஸ் ஹி டூயிங்' என்று சொல்லிவிடுகிறோம். யூ2 குழு 1987-ல் பாடிய 'ஐ ஸ்டில் ஹேவன்ட் ஃபவுண்ட் வாட் ஐ'ம் லுக்கிங் ஃபார்' என்ற நீளத் தலைப்பைக் கவனியுங்கள். 'வாட் ஆம் ஐ' என்று திருப்பிப் போடவில்லை, 'வாட் ஐ'ம்' என்று நேராக வருகிறது. வாக்கியத்துக்குள் கேள்வி போனால், அது கேள்வி வடிவத்தை வாசலில் கழற்றி வைத்துவிடும். ஆக, 'ஐ டோன்ட் நோ வாட் ஹி ஈஸ் டூயிங்.'

விதியை மனப்பாடம் செய்தால் பேசும்போது யோசிக்க வேண்டும். பாட்டாக மனதில் இருந்தால் வாய் தானாகப் போகும்.

ஒரு வாரம், ஒரே ஒரு பாட்டு

தினமும் பத்துப் பாட்டு கேட்பதைவிட, ஒரு பாட்டை ஒரு வாரம் பிழிந்து எடுப்பது மேல். தினமும் 20 நிமிஷம் போதும்.

முதல் நாள்: வரிகளைப் பார்க்காமல் மூன்று தடவை கேளுங்கள். பல்லவி காதில் எப்படி விழுகிறதோ அப்படியே எழுதுங்கள். தமிழ் எழுத்தில் எழுதினாலும் பரவாயில்லை. உளறலாக இருந்தாலும் அழிக்காதீர்கள்.

இரண்டாம் நாள்: சரியான வரிகளோடு ஒப்பிடுங்கள். எங்கே தப்பாகக் கேட்டீர்களோ, அந்த இடம்தான் உங்கள் பாடம். என்ன நடந்தது அங்கே? ஒட்டலா, திரிதலா, விழுங்கலா? பென்சிலால் குறியுங்கள். தப்பாகக் கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இங்கிலீஷ்காரர்களுக்கே இது நடப்பதால், தவறாகக் கேட்ட வரிக்கு 'மாண்டிக்ரீன்' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஒரு பழைய பாட்டின் வரியை சின்ன வயதில் ஒரு சீமாட்டியின் பெயராகக் கேட்டுவிட்ட சில்வியா ரைட் என்ற அமெரிக்க எழுத்தாளர், 1954-ல் எழுதிய கட்டுரையில் வைத்த பெயர் அது.

மூன்றாம் நாள்: யூடியூபில் வேகத்தை 0.75 ஆகக் குறையுங்கள். பாடாமல், பாடகர் கூடவே பேசுவதுபோல் சொல்லுங்கள். எந்த அசை அழுத்தமாக விழுகிறதோ அங்கே விரலால் தட்டுங்கள்.

நாலாம் நாள்: அசல் வேகத்தில் கூடவே பாடுங்கள். குளியலறை, மொட்டை மாடி, ஆளில்லாத வராண்டா... எங்கேயாவது. ஆனால் வாயைத் திறந்து பாட வேண்டும். மனசுக்குள் பாடினால் நாக்குக்கு எப்படிப் பழகும்?

ஐந்தாம் நாள்: மூன்றே மூன்று கொத்துகளை எடுங்கள். கேம்பிரிட்ஜ், லாங்மேன் போன்ற கற்போர் அகராதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் அர்த்தமும் உச்சரிப்பும் பாருங்கள். ஒவ்வொன்றையும் வைத்து உங்கள் வாழ்க்கையைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதுங்கள். பாட்டு வரியையே திருப்பி எழுதக் கூடாது. உங்கள் அம்மா, உங்கள் பைக், உங்கள் அரியர், இவைதான் வாக்கியத்தில் வர வேண்டும்.

ஆறாம் நாள்: பாட்டைப் போடாமல் பாடி, மொபைலில் பதிவு செய்யுங்கள். அசலையும் உங்களையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். குரலை விடுங்கள், வார்த்தை ஒட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஏழாம் நாள்: இதுதான் முக்கியமான நாள். அந்த மூன்று கொத்துகளில் ஒன்றையாவது யாரிடமாவது பயன்படுத்துங்கள். ஃப்ரெண்டுக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினாலும் கணக்கில் சேரும்.

வாரத்துக்கு மூன்று என்றால், வருஷத்துக்கு 150-க்கு மேல். 150 கொத்துகளை யோசிக்காமல் பேசத் தெரிந்தவர், 3,000 வார்த்தைகளை எழுத மட்டும் தெரிந்தவரைவிடத் தைரியமாக வாயைத் திறப்பார்.

எந்தப் பாட்டில் தொடங்கலாம்?

ராப்பில் ஆரம்பிக்காதீர்கள். நீச்சல் தெரியாமல் மெரினா அலையில் குதிப்பது மாதிரி அது. மெதுவான, வாத்தியச் சத்தம் குறைவான, கதை சொல்லும் பாட்டுகள் நல்லது. கார்பென்டர்ஸ் குழுவின் கேரன் கார்பென்டர் ஒவ்வொரு சொல்லையும் தெளிவாகப் பாடுவார். அப்பா, சித்தப்பா தலைமுறைக்குப் பழக்கமான ஜிம் ரீவ்ஸும் அப்படித்தான். அடெல், புருனோ மார்ஸின் மெதுவான பாட்டுகளும் தொடக்கத்துக்கு ஏற்றவை.

'அபா' குழுவையும் கேளுங்கள். 1974-ல் யூரோவிஷன் போட்டியை 'வாட்டர்லூ' பாட்டால் ஜெயித்து உலகப் புகழ் அடைந்தவர்கள். அந்தப் பாட்டு இங்கிலீஷ். ஆனால் குழு ஸ்வீடனைச் சேர்ந்தது. இங்கிலீஷ் அவர்களுக்கும் கற்றுக்கொண்ட மொழிதான். உலகமே கூடச் சேர்ந்து பாடியது.

பாட்டு சொல்வதெல்லாம் இன்டர்வியூவுக்கு ஆகாது

கானா பாட்டு கேட்டே தமிழ் கற்றுக்கொண்ட ஒரு வெளிநாட்டுக்காரர், கலெக்டர் ஆபீஸில் போய் 'இன்னா நைனா, எப்டி கீற?' என்று கேட்டால் எப்படி இருக்கும்? கானா மொழியில் தப்பே இல்லை. இடம்தான் தப்பு. நாமும் அந்த நிலைமைக்கு வந்துவிடக் கூடாது.

பில் விதர்ஸின் 1971 பாட்டு 'எய்ன்ட் நோ சன்ஷைன்'. ரோலிங் ஸ்டோன்ஸ் 1965-ல் பாடிய 'சேட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டின் முழுத் தலைப்பிலும் இப்படி இரண்டு 'இல்லை' சேர்ந்து வரும். பாடப் புத்தக இலக்கணப்படி ஒன்றுதான் வர வேண்டும். அது அவர்களுடைய பேச்சு வழக்கு, அதற்கென்று விதியும் அழகும் உண்டு. கேளுங்கள், பாடுங்கள், ரசியுங்கள். 'எய்ன்ட்'டை மட்டும் இன்டர்வியூ அறைக்குள் கூட்டிப்போகாதீர்கள்.

இன்னொரு சிக்கல், சில சூப்பர் ஹிட் பாட்டுகளை எழுதியவர்களுக்கே இங்கிலீஷ் தகராறு. ஸ்வீடனைச் சேர்ந்த மேக்ஸ் மார்ட்டின், உலக அளவில் ஹிட் கொடுத்த பாடலாசிரியர். 1998-ல் பிரிட்னி ஸ்பியர்ஸை உச்சிக்குக் கொண்டுபோன பாட்டை எழுதியபோது, அமெரிக்கப் பேச்சு வழக்கில் 'ஹிட்' என்றால் 'போன் பண்ணு' என்று நினைத்துப் போட்டுவிட்டார். கேட்டவர்களுக்கு 'அடி' என்று புரிந்தது! கடைசியில் தலைப்பிலிருந்து அந்தச் சொல்லையே எடுத்தார்கள். அவர் பங்களிப்பில் 1999-ல் பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் பாடிய 'ஐ வாண்ட் இட் தட் வே' பாட்டில், 'அந்த வழி' என்றால் எந்த வழி என்று ரசிகர்கள் இன்னும் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். ஆக, ஒரு வரி புரியவில்லை என்றால் உடனே தப்பு உங்கள் மேல்தான் என்று முடிவு கட்டாதீர்கள்.

இதற்குச் சுலபமான பாதுகாப்பு ஒன்று உண்டு. அகராதியில் அர்த்தத்துக்கு முன்னால் 'இன்ஃபார்மல்', 'ஸ்லாங்', 'அஃபென்ஸிவ்' என்று குறிப்பு போட்டிருப்பார்கள். இன்ஃபார்மல் என்றால் நண்பர்களிடம் ஓகே. ஸ்லாங் என்றால் யார் முன்னால் பேசுகிறோம் என்று பார்த்துப் பேச வேண்டியது. அஃபென்ஸிவ் என்றால் கேட்டுப் புரிந்துகொள்ள மட்டும், வாயில் வரவே கூடாது.

மெட்டுக்காகச் சொற்களை இழுப்பது, அழுத்தத்தை மாற்றுவது எல்லாம் பாட்டில் சகஜம். பாடும் உச்சரிப்பும் பேசும் உச்சரிப்பும்கூட வேறு. அடெல் பாடும்போது கேட்காத அந்த அசல் லண்டன் வழக்கு, அவர் பேசும்போது தெறிக்கும். அதனால் ஒரு பாட்டை முடித்ததும், அதே பாடகரின் பேட்டி ஒன்றை ஐந்து நிமிஷம் கேளுங்கள். பிடித்த குரல், பழகிய குரல். பாட்டில் பிடிபட்ட ஒட்டல்களும் விழுங்கல்களும் இப்போது சாதாரணப் பேச்சில் வரும். ஆரம்பத்தில் பாதிதான் புரியும். நாலு வாரம் விடாமல் செய்துவிட்டு, முதலில் கேட்ட அதே பேட்டியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

அடுத்த முறை யாராவது உங்களிடம் மூச்சுவிடாமல் இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டால், காதில் விழுவது அந்நியச் சத்தமாக இருக்காது. 'இது டிட் யூ, இது கோயிங் டு' என்று பழகிய முகங்கள் கூட்டத்தில் தென்படும். அப்படியும் ஒரு வார்த்தை நழுவிவிட்டதா? கூச்சமே வேண்டாம். 'ஸாரி, குட் யூ ஸே தட் அகெய்ன்?' என்று கேளுங்கள். அதைக்கூட 'குஜ்ஜூ' என்று ஒட்டிச் சொல்லிப் பழகுங்கள்.

சரி, இன்று ராத்திரி எந்தப் பாட்டு?